பட்டாவில் பதிவாகாத தடைகள்

சென்னையிலும் அதன் புறநகரிலும் ஒரு மனையையோ அடுக்ககத்தில் ஒரு வீட்டையோ வாங்க முனைவோர், தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், வழக்கறிஞரின் சட்டக் கருத்துரை ஆகியவற்றைத் திரட்டி முடித்ததும், அந்த நிலத்தைப் பற்றி அறிய வேண்டியவற்றை எல்லாம் அறிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். அவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் பெரும்பாலும் அவ்வாறே கருதுகிறது. தாய்ப்பத்திரம் உரிமை எவரிடமிருந்து எவருக்கு வந்தது என்பதைக் கூறுகிறது. வில்லங்கச் சான்று பதிவு அலுவலகத்தில் பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை போன்றவற்றைப் பட்டியலிடுகிறது. பட்டா வருவாய்த்துறையின் கணக்கில் நிலம் எவர் பெயரில் உள்ளது என்பதைக் காட்டுகிறது. புல வரைபடம் சர்வே எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் தருகிறது. இவை அனைத்தும் நிலம் யாருக்கு உரியது என்ற ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்தவை. அந்த நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது, எந்தச் சட்டத்தின் எந்த வரைபடம் அதன்மீது படிந்திருக்கிறது என்ற இரண்டாவது கேள்விக்கு இந்தக் கோப்பில் விடை இல்லை.

இந்த இரண்டாவது கேள்வியைப் பின்தள்ளிவிட முடியாததற்குக் காரணம், சுற்றுச்சூழல் சட்டங்களும் பாதுகாப்புச் சட்டங்களும் விதிக்கும் தடைகளின் இயல்பில் இருக்கிறது. அடமானம் என்பது இரு தரப்பினருக்கு இடையிலான ஒப்பந்தத்தில் பிறப்பது. அது பதிவாகவில்லை என்றால், அறியாமல் விலை கொடுத்து வாங்கியவருக்குச் சட்டம் ஓரளவு பாதுகாப்பு தரக்கூடும். சதுப்புநிலத்தில் கட்டக் கூடாது என்ற தடையோ பொதுச் சட்டத்திலிருந்து பிறந்து, நிலத்தோடு ஒட்டிக்கொண்டு, உரிமையாளர் எத்தனை பேர் மாறினாலும் அவர்களைத் தொடர்ந்து வருவது. நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்ற வாதமும், அரசு அலுவலரே அனுமதி கொடுத்தார் என்ற வாதமும் அதன் முன் பெரும்பாலும் எடுபடுவதில்லை, ஏனெனில் சட்டத்துக்குப் புறம்பான அனுமதி எந்த உரிமையையும் உருவாக்காது என்பது நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் வலியுறுத்திவரும் நெறி.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த மரடில் நிகழ்ந்தது இதற்கு மறுக்க முடியாத சான்று. அங்கே காயலை ஒட்டிய நிலங்களில் அடுக்ககங்கள் கட்டுவதற்கு 2006-ல் அன்றைய கிராம ஊராட்சி அனுமதி அளித்தது. கட்டடங்கள் எழுந்தன, வீடுகள் பத்திரப் பதிவுடன் விற்கப்பட்டன, வாங்கியவர்கள் குடியேறி வரி செலுத்திவந்தனர். அனுமதி வழங்கப்பட்ட காலத்தில் நடைமுறையில் இருந்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின்படி அந்த இடம் கட்டுமானத்துக்குத் தடை விதிக்கப்பட்ட மூன்றாம் வகைப் பகுதியில் அடங்கியிருந்தது என்பதால், அவற்றை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2019 மே 8 அன்று ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் நான்கு அடுக்ககங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீடிழந்த ஒவ்வொருவருக்கும் இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்குமாறு நீதிமன்றம் கூறியது உண்மையே. ஆயினும் அந்தக் குடும்பங்களின் கையிலிருந்த பத்திரங்களில் உரிமைக் குறைபாடு எதுவும் இருக்கவில்லை என்பதும், தடையைக் காட்டிய வரைபடம் பத்திரப் பதிவு நடந்த எந்த மேசைக்கும் வந்து சேரவில்லை என்பதும்தான் இங்கே கவனிக்க வேண்டியவை.

சென்னையில் இந்த இடைவெளி மிக ஆழமாகத் தெரியும் இடம் பள்ளிக்கரணை. நகரின் தெற்கே பரந்திருக்கும் இந்த நன்னீரும் உவர்நீரும் கலந்த சதுப்புநிலம், ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீரைத் தன்னிடம் வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் கழிமுகம் வழியாகக் கடலுக்கும் அனுப்புகிறது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஒன்றின் கலங்கலில் வழியும் உபரி நீர் அடுத்ததன் வரத்தாக அமையும் ஏரித் தொடர்கள் இதில்தான் முடிகின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் இந்த நிலம், குப்பைக் கிடங்காகவும், சாலைகளாகவும், கல்வி நிறுவனங்களாகவும், தகவல் தொழில்நுட்ப வளாகங்களாகவும், குடியிருப்புகளாகவும் துண்டாடப்பட்ட பின் எஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007-ல் காப்புக்காடாக வனத்துறையின் பாதுகாப்பின்கீழ் கொண்டுவரப்பட்டது. பின்னர் அந்தப் பரப்பு விரிந்தது. 2022-ல் 1,247.54 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தலமாக, அதாவது 1971-ல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, பட்டியலில் சேர்ந்தது.

இந்த எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டில்தான் வாங்குபவருக்கான ஆபத்து பதுங்கியிருக்கிறது. ராம்சர் தலத்தின் எல்லை காப்புக்காட்டின் எல்லையைவிடப் பரந்தது. காப்புக்காடு சர்வே எண்களைக் குறிப்பிட்டு அரசிதழில் அறிவிக்கப்படுவது. ராம்சர் எல்லையோ வரைபடத்தில் வரையப்பட்ட ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் எந்தெந்தச் சர்வே எண்கள், எந்தெந்த உட்பிரிவுகள் வருகின்றன என்பது களத்தில் அளந்து, வருவாய்க் கணக்கோடு பொருத்தப்பட்டு, பொதுமக்களுக்கு வெளியிடப்படாத வரையில், கோட்டுக்குள் இருக்கும் பட்டா நிலம் சந்தையில் தயக்கமின்றிக் கைமாறிக்கொண்டே இருக்கும். 2017-ஆம் ஆண்டின் ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள், ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையும், கடந்த பத்து ஆண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் எழுப்புவதையும் தடை செய்கின்றன. அதற்கும் அப்பால், ஈரநிலத்தின் நலனைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்புறப் பரப்பைத் ‘தாக்க மண்டலம்’ என வரையறுத்து, அதில் எவை அனுமதிக்கப்படும், எவை ஒழுங்குபடுத்தப்படும் என்று முடிவு செய்யவும் கோருகின்றன. அந்த மண்டலம் இறுதி செய்யப்படாத நிலையில், 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல்பூர்வமான எல்லை நிர்ணயம் முடியும்வரை ராம்சர் தலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவு வரையிலும் திட்ட அனுமதி வழங்கக் கூடாது எனச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு ஆணையிட்டது. ஒரு கிலோமீட்டர் என்பது வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், பெரும்பாக்கம் ஆகிய பகுதிகளில் பல ஆயிரம் குடும்பங்களைத் தொடும் தொலைவு. வரைய வேண்டிய கோட்டை அரசு உரிய காலத்தில் வரையாமல் விட்டதன் விலையை, சதுப்புநிலத்தோடு எந்த உறவும் இல்லாத மேட்டு நிலத்தின் சிறு மனை உரிமையாளரும் கொடுக்க நேர்ந்திருக்கிறது.

சதுப்புநிலத்துக்குள் பட்டா எப்படி வந்தது என்ற கேள்வியும் எழும். வருவாய்த்துறையின் பார்வையில் நிலம் என்பது வரி தருவது, தராதது என்ற இரு கூறுகளாகவே நெடுங்காலம் பகுக்கப்பட்டது. நஞ்சையும் புஞ்சையும் வரி தருபவை, புறம்போக்கும் தரிசும் தராதவை. ஆண்டில் சில மாதங்கள் நீர் நின்று, சில மாதங்கள் மேய்ச்சலுக்கும் சாகுபடிக்கும் பயன்பட்ட விளிம்பு நிலங்களுக்கு இந்தப் பகுப்பில் தனி இடம் இல்லை. அவற்றில் உழுதவர்களின் பெயரில் சில பகுதிகள் பட்டாவாயின. சில பகுதிகள் தரிசாகப் பதிவாகிப் பின்னர் தனியாருக்கு ஒப்படை செய்யப்பட்டன. எஞ்சியவை புறம்போக்காக நீடித்தன. நிலத்தின் நீரியல் தன்மை மூன்றிலும் ஒன்றுதான். புறம்போக்கில் கட்டினால் ஆக்கிரமிப்பு, பக்கத்திலுள்ள பட்டா நிலத்தில் கட்டினால் சொத்துரிமை என்று சட்டம் பிரித்துப் பார்த்தாலும், டிசம்பர் மாதத்து வெள்ளம் அந்தப் பிரிவை அறிவதில்லை.

ஏரிகளுக்குக் கீழிருந்த ஆயக்கட்டு நிலங்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஆயக்கட்டு என்பது ஏரியின் மதகிலிருந்து பாசனம் பெறும் நஞ்சைப் பரப்பு. இயல்பாகவே தாழ்வான இடத்தில் அமைந்து, ஏரி நிரம்பி வழியும்போது உபரி நீரை ஏற்று அடுத்த ஏரிக்குக் கடத்துவது. நகரம் விரிந்தபோது முதலில் மனைகளாக்கப்பட்டது இந்த நிலம்தான், ஏனெனில் அது சமதளமாகவும் தெளிவான பட்டாவுடனும் இருந்தது. புறம்போக்கு அன்று, நீர்நிலை அன்று, வில்லங்கம் எதுவும் இல்லை என்று எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும் இத்தகைய மனையில்தான் வீட்டுக்குள் தண்ணீர் புகுகிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், தென்சென்னையின் பல தெருக்களில் நீர் பல நாள் வடியாமல் நின்றதற்கு, ஏரிகளுக்கும் சதுப்புநிலத்துக்கும் இடையிலிருந்த இந்த நிலங்களும் கால்வாய்களும் அடைபட்டது ஒரு முதன்மைக் காரணம். ஆகவே, நீர்நிலைப் புறம்போக்கா என்று மட்டும் பார்த்து நிறைவடைவது போதாது. எந்த ஏரியின் கலங்கலுக்குக் கீழே, எந்த மதகின் வழியில் நிலம் இருக்கிறது என்பதும் பார்க்கப்பட வேண்டும்.

பலரும் அறியாத ஒரு சட்ட இடைவெளியும் இங்கே உண்டு. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் உருவாக்கிய நீர்நிலைகளைத் தம் வரையறையிலிருந்து விலக்கியுள்ளன. தமிழகத்தின் ஏரிகள் பெரும்பாலும் மனிதர் கரை எழுப்பிப் பாசனத்துக்காக உருவாக்கியவை. எனவே பள்ளிக்கரணைக்கு நீர் தரும் ஏரிகள் அந்தச் சதுப்புநிலத்தைக் காக்கும் விதிகளின் நேரடிப் பாதுகாப்பைப் பெறுவதில்லை. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் போன்றவற்றையே சார்ந்திருக்கின்றன. அந்தச் சட்டமோ ஏரியின் எல்லையை அளந்து, அதனுள் இருக்கும் ஆக்கிரமிப்பை அகற்றுவதைப் பற்றியது. ஏரியைச் சுற்றியுள்ள தனியார் நிலத்தின் பயன்பாட்டைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. தலைக்கு ஒரு சட்டமும் உடலுக்கு வேறொரு சட்டமும் என்று ஒரே நீர்த்தொடர் பிரிந்து கிடப்பதால், இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம் எந்தத் துறையின் வரைபடத்திலும் சிவப்பு நிறத்தில் தோன்றுவதில்லை.

ஈரநிலமும் ஏரியும் தடைகளின் ஒரு பகுதியே. 2008-ல் நடைமுறைக்கு வந்து 2026-ஐ இலக்காகக் கொண்ட, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது பெருந்திட்டம், 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பைக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் எனப் பல நிலப் பயன்பாட்டு மண்டலங்களாகப் பகுத்ததோடு, புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும், திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் பகுதிக்கும் தனிக் கட்டுப்பாடுகளை விதித்தது. பின்னதன் நோக்கம் எளிது: மணல் மேட்டில் பெய்யும் மழை நிலத்துக்குள் இறங்கி நன்னீர்ப் படலமாகத் தங்கினால்தான் கடல்நீர் உட்புகாமல் தடுக்கப்படும், அங்கே கட்டடமும் ஆழ்துளைக் கிணறும் நெருங்கினால் அந்தப் படலம் மெலிந்து, திரும்பப் பெற முடியாத வகையில் உப்பேறிவிடும். தொல்லியல் நினைவுச்சின்னங்களுக்கான தடை ஒப்பீட்டளவில் தெளிவானது. 2010-ல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டத்தின்படி, மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது, அடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி வேண்டும் என்பதால் மாமல்லபுரத்தில் மனை பார்ப்பவர் அளவுநாடாவைக் கொண்டே ஓரளவு முடிவு செய்துவிடலாம். கோவையின் மேற்கு விளிம்பிலும் பிற மலையடிவாரங்களிலும், அரசாணையில் பெயர் குறிப்பிடப்பட்ட கிராமங்களில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் தேவை. கிராமத்தின் பெயர் தெரிந்தால் போதும் என்பதால் இதுவும் எளிதில் சரிபார்க்கத்தக்கதே.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் அப்படி எளிதானதன்று. 1991, 2011, 2019 ஆகிய மூன்று அறிவிக்கைகளின் வழியாக உருமாறி வந்த இந்த ஒழுங்குமுறை, கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது பெருஅலையேற்றத்தின்போது நீர் எட்டும் கோட்டிலிருந்து, 500 மீட்டர் வரையிலான நிலத்தை உள்ளடக்குகிறது. அத்துடன் ஓதநீர் ஏறி இறங்கும் கழிமுகங்கள், ஆறுகள், காயல்கள் ஆகியவற்றின் கரைகளையும் தொடர்கிறது. கடலைக் கண்ணால் காண முடியாத அடையாற்றங்கரை மனையும் பக்கிங்காம் கால்வாய்க் கரை மனையும் கடலோர மண்டலத்துக்குள் வரக்கூடும் என்பதைப் பலர் பத்திரப் பதிவுக்குப் பின்னரே அறிகின்றனர். ஆற்றோரக் கட்டுப்பாட்டின் அகலம் 2011 அறிவிக்கையில் 100 மீட்டராக இருந்து 2019-ல் 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது, இரண்டிலுமே நீர்வழியின் அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அகலமே அளவு. இந்த மண்டலத்துக்கான மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் 1:25,000 என்ற அளவையை அடிப்படையாகக் கொண்டு தயாராகின்றன. அந்த அளவையில் காகிதத்தின் ஒரு மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கோடு தரையில் பன்னிரண்டரை மீட்டர் அகலத்தை மூடிவிடும். நாற்பது அடிக்கு அறுபது அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையின் அகலம் ஏறத்தாழ 12 மீட்டர். ஆக, நடுத்தரக் குடும்பம் ஆயுள் முழுவதும் சேமித்து வாங்கும் மனையின் முகப்பு முழுவதும் எல்லைக் கோட்டின் மைக்குள்ளேயே அடங்கிவிடும். அதன் நிலையைத் தீர்மானிக்க, சர்வே எண் அளவிலான உள்ளூர் வரைபடத்தில் உயர் ஓதக் கோட்டைப் பொருத்திப் பார்ப்பது ஒன்றே வழி. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களிடம் கட்டணம் செலுத்திப் பெற வேண்டிய அந்த ஆய்வைப் பெரிய கட்டுமான நிறுவனம் செய்துகொள்ளும், தனி மனிதர் செய்துகொள்வதில்லை.

சர்வே எண்ணே நிலையானது அன்று என்பது அடுத்த தடங்கல். தமிழகத்தில் 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல உட்பிரிவுகள் புதிதாக உருவாக்கப்பட்டன, உரிமையாளர் பெயர்கள் புதுப்பிக்கப்பட்டன. நகரப் பகுதிகளில் அதன்பின் நகர நில அளவை நடந்து, கிராம சர்வே எண்கள் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்ற புதிய வரிசைக்கு மாறின. கிராமத்தின் ‘அ’ பதிவேடு என்பது ஒவ்வொரு சர்வே எண்ணின் வகைப்பாட்டையும், ஏரி, தாங்கல், ஓடை, மேய்க்கால், நத்தம், நஞ்சை, புஞ்சை என்ற முறையில் குறித்துவைக்கும் அடிப்படை ஆவணம். இன்றைய பதிவேட்டில் ‘மனை’ என்றிருக்கும் எண், முந்தைய பதிவேட்டில் ‘தாங்கல்’ என்று இருந்திருக்கலாம். நீர்நிலைப் புறம்போக்கின் வகைப்பாட்டை மாற்றி வழங்கப்பட்ட ஒப்படைகளை நீதிமன்றங்கள் ஐயத்துடனேயே நோக்கிவருகின்றன. 2001-ல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும், 2011-ல் ஜக்பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றமும், ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு தொடர்பாக 2005-ல் எல்.கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் வகுத்த நெறிகள் அந்தத் திசையிலேயே செல்கின்றன. எனவே நிலத்தைச் சலித்தெடுக்க விரும்புவோர் இன்றைய பட்டாவோடு நின்றுவிடாமல், மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் கேட்டுப் பெற்று, இன்றைய எண்ணைப் பழைய எண்ணோடு இணைக்கும் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்ப்பது இன்றியமையாதது. சில நூறு ரூபாய்க் கட்டணத்துக்கும் சில வாரக் காத்திருப்புக்கும் அஞ்சி இதைத் தவிர்ப்பவர்களே மிகுதி.

சட்டம் வாங்குபவருக்குத் தரும் ஆறுதலும் குறைவு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறைபாட்டை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அரசின் வரைபடமும் அறிவிக்கையும் பொது ஆவணங்கள் என்பதால், கண்டறிந்திருக்கலாமே என்ற மறுப்புக்கு விற்பவருக்கு வழி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், நிலத்தின் உரிமையில் குறைபாடு இருந்து அதனால் வீடு வாங்கியவருக்கு இழப்பு ஏற்பட்டால், காலவரம்பு பாராமல் கட்டுமான நிறுவனம் ஈடு செய்ய வேண்டும் என்று 18-ஆம் பிரிவில் உறுதியளிக்கிறது. அந்த உறுதி உரிமைக் குறைபாட்டைக் குறித்தே பேசுகிறது. உரிமை தூயதாக இருந்து பயன்பாட்டுக்குத் தடை இருக்கும் நிலத்துக்கு அதே வலிமையான பாதுகாப்பை அந்தச் சொற்கள் வெளிப்படையாகத் தரவில்லை. பதிவுத் துறையிலும் இதே ஒருபக்கப் பார்வைதான். அனுமதியற்ற மனைகளின் பதிவைத் தடுக்கும், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபரில் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது பெரிய முன்னேற்றம். ஆயினும் அது மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா என்று கேட்கிறதே தவிர, அனுமதி வழங்கிய அலுவலகம் எல்லா வரைபடங்களையும் பார்த்ததா என்று கேட்பதில்லை.

பிற நாடுகள் இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதம் கற்கத்தக்கது. இங்கிலாந்தில் 1975-ஆம் ஆண்டின் உள்ளூர் நிலப் பொறுப்புகள் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட மரம், மரபுச் சின்னமான கட்டடம், திட்டமிடல் நிபந்தனை போன்றவை ஒரு பதிவேட்டில் சொத்துவாரியாக இடம்பெறுகின்றன. வாங்குபவரின் வழக்கறிஞர் அந்தப் பதிவேட்டைத் தேடாமல் விற்பனை முடிவதில்லை. பதிவேட்டில் விடுபட்ட தடையும் நிலத்தைக் கட்டுப்படுத்தவே செய்யும், ஆனால் விடுபட்டதால் இழப்புற்றவருக்கு ஈடு தர வேண்டிய கடமையைச் சட்டம் விதித்திருக்கிறது. சுவிட்சர்லாந்து இன்னும் முன்னே சென்றது. நில உரிமையின்மீது பொதுச் சட்டம் விதிக்கும் கட்டுப்பாடுகளுக்கென்று அந்நாடு 2014 முதல் சில மாநிலங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் விரித்த பதிவேட்டில், நிலப் பயன்பாட்டு மண்டலம், நிலத்தடி நீர்ப் பாதுகாப்புப் பகுதி, காட்டு எல்லை, மாசடைந்த நிலம், விமான நிலையக் கட்டுப்பாடு எனப் பதினேழு பொருள்கள் முதலில் சேர்க்கப்பட்டன. எந்த நிலத் துண்டையும் வரைபடத்தில் தேர்ந்தெடுத்தால், அதைத் தொடும் கட்டுப்பாடுகள் எவை, தொடாதவை எவை, ஒவ்வொன்றுக்கும் அடிப்படையான சட்டம் எது என்று ஒரே ஆவணமாகக் கிடைத்துவிடுகிறது. பதிவேட்டைப் பராமரிப்பதில் நேரும் தவறுக்கு அரசு பொறுப்பு என்பதையும் அந்நாட்டுச் சட்டம் வகுத்துள்ளது. பொறுப்பு இருப்பதால்தான் வரைபடம் துல்லியமாகிறது. பொறுப்பற்ற வரைபடம் எத்தனை வண்ணத்தில் இருந்தாலும் அதை நம்பி எவரும் வாழ்நாள் சேமிப்பை முதலீடு செய்ய முடியாது.

தமிழகத்துக்கு இது எட்டாத தொலைவில் இல்லை. பட்டாவும் புல வரைபடமும் கணினிமயமாகி இணையத்தில் கிடைக்கின்றன. வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே பெற முடிகிறது. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடமும் இணையத்தில் இருக்கிறது. இல்லாதது, வனத்துறை, நீர்வளத்துறை, சுற்றுச்சூழல் துறை, தொல்லியல் துறை, நகர் ஊரமைப்பு இயக்ககம் ஆகியவை தத்தம் கோடுகளைச் சர்வே உட்பிரிவு வரை இறக்கி ஒரே தளத்தில் வைக்க வேண்டும் என்ற சட்டக் கடமை. அந்தக் கடமை உருவாகிவிட்டால், வில்லங்கச் சான்றோடு நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாட்டுச் சான்று ஒன்றையும் விற்பனைப் பத்திரத்தின் இணைப்பாகச் சார்பதிவாளர் கேட்பதில் நிர்வாகத் தடை எதுவும் இருக்காது. சான்று இல்லாமல் வங்கி வீட்டுக் கடன் வழங்கக் கூடாது என்ற விதியும் உடன் வந்தால், சந்தையே அதை நடைமுறைப்படுத்திவிடும்.

இதற்கு எதிராக எழும் முதல் வாதம், தடைகளை வெளிப்படையாக எழுதினால் நிலத்தின் விலை சரிந்துவிடும் என்பது. சரியும், சரியத்தான் வேண்டும். கட்ட முடியாத நிலத்தைக் கட்டக்கூடியது என்ற நம்பிக்கையில் விற்கும் விலை நியாயமான விலை அன்று. அந்த வேறுபாட்டைத் தெரிந்தவர் விற்று வெளியேறுகிறார், தெரியாதவர் வாங்கி மாட்டிக்கொள்கிறார். இரண்டாவது வாதம் கனமானது: தலைமுறைகளாக விளிம்பு நிலத்தில் பயிரிட்டுவந்த சிறு உடைமையாளரின் பட்டா, ஒரே கோட்டினால் மதிப்பிழப்பது நீதியா என்பது. இதைத் தள்ளிவிட முடியாது. பொதுநலனுக்காக ஒருவரின் நிலத்தில் கட்டும் உரிமை நிறுத்தப்படும்போது, நிலத்தை அரசு உரிய விலைக்கு வாங்கிக்கொள்வதோ, 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் ஏற்கெனவே இடம்பெற்றுள்ள மாற்றத்தக்க மேம்பாட்டு உரிமையை, அதாவது ஓரிடத்தில் பயன்படுத்த முடியாத கட்டுமானப் பரப்பை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ தரும் உரிமைச் சான்றை, இத்தகைய நிலங்களுக்கும் விரிப்பதோ அரசின் கடமை. இழப்பீட்டுச் செலவுக்கு அஞ்சிக் கோட்டையே வரையாமல் விடுவது, அந்தச் செலவை வெள்ளத்தில் மூழ்கும் குடும்பங்களின் தலையில் ஏற்றுவதாகவே முடிகிறது.

சலித்தெடுக்கும் கடமை தனியாருக்கு மட்டும் உரியதாகவும் இருக்க முடியாது. பள்ளிக்கரணைச் சதுப்பின் பரப்பைக் குறைத்ததில் அரசின் பங்கு பெரிது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கும், பொது நிறுவனங்களின் வளாகங்களும், பறக்கும் ரயில் பாதையும் அங்கே எழுந்தது அரசின் முடிவால். நகரின் நடுவிலிருந்த ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டி அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களை, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என அதே சதுப்பின் விளிம்பிலும் அதன் வடிகால் வழியிலும் அமைந்த அடுக்ககங்களில் அரசே குடியமர்த்தியது. வில்லங்கச் சான்று பார்க்கும் வாய்ப்போ, வேறு மனையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்போ அந்தக் குடும்பங்களுக்கு இருக்கவில்லை. கட்டுப்பாட்டுச் சான்று என்ற ஒன்று நடைமுறைக்கு வருமானால், அதை முதலில் பெற வேண்டியவை அரசு தன் துறைகளுக்கு ஒதுக்கும் நிலங்களும், அத்தகைய மறுகுடியமர்வு அடுக்ககங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் நிலங்களுமே.

சென்னைப் பெருநகரப் பகுதி 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டு, 2027 முதல் 2046 வரையிலான மூன்றாவது பெருந்திட்டம் தயாராகிவருகிறது. புதிதாகச் சேர்ந்த பரப்பில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் நூற்றுக்கணக்கான ஏரிகளும் அவற்றின் ஆயக்கட்டுகளும் இன்னும் பெருமளவு வயல்களாகவே இருக்கின்றன. அங்கே மனைப்பிரிவுகள் எழுவதற்கு முன்பே, ஒவ்வொரு ஏரியின் நீர்ப்பரப்பையும், கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை நீர் செல்லும் வழியையும், அந்த வழியிலுள்ள பட்டா நஞ்சைகளையும் உட்பிரிவு எண்ணோடு பட்டியலிட்டு, வரைவுத் திட்டத்தோடு சேர்த்து ஊராட்சிதோறும் தமிழில் வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டுத் திருத்தி, இறுதித் திட்டத்தின் சட்டப்பூர்வமான பகுதியாக்க இப்போது காலம் இருக்கிறது. பள்ளிக்கரணையில் மனைகள் விற்றுத் தீர்ந்தபின் எல்லையைத் தேடிக்கொண்டிருக்கும் வேலையை, இந்த ஏரிப் பகுதிகளில் விற்பனை தொடங்கும் முன்பே முடித்துவிட முடியும்.